அத்தியாயம் 7: ஆஸ்டரிஸ்க் விழுந்தால் என்ன செய்வது?

தோட்டத்தின் ஆபிஸ், பெக்டரி, பங்களா, டிஸ்பென்சரி, மேல் டிவிசன், கீழ் டிவிசன் எல்லாவற்றையும் ஒரே இணையத் தொலைபேசி சர்வரில் இணைத்துவிட்டீர்கள். இந்த அத்தியாயம் அந்த சர்வர் விழும் நாளுக்கானது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கணினி பழுதுபார்ப்பவர் கிடைப்பார். ஆனால் அந்த சர்வரில் ஓடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் ஏன் விழுந்தது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் மாலைக்குள் உங்கள் மலைக்கு வந்து சேருவார் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்களேதான் பார்க்க வேண்டும், பார்க்கவும் முடியும்.

ஆஸ்டரிஸ்க்கை 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கினார். அவருடைய டிஜியம் நிறுவனத்தை 2018இல் சங்கோமா வாங்கியது. மூலநிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அடியில் ஓடுவது இதே ஆஸ்டரிஸ்க்தான். ஆகவே இங்கே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

1. டிஸ்பென்சரிக்கும் பெக்டரிக்கும் கைபேசியில் சொல்லுங்கள்: “உள் போன் வேலை செய்யாது, அவசரமென்றால் இந்த நம்பருக்கு அடியுங்கள்.” சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 ஆகிய இரண்டு எண்களும் ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் ஒட்டியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும் நாளென்றால் இந்தப் படியைத் தாண்டி எதையும் தொடாதீர்கள்.

2. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் எழுதுங்கள். கணினியின் நேரத்தை நம்ப வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

3. போனில் பேசிக்கொண்டிருந்தவரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். பேச்சு பாதியில் அறுந்ததா? மணி அடித்தும் குரல் வரவில்லையா? எடுத்தால் டயல் டோனே இல்லையா? மூன்றும் வேறு வேறு நோய்கள். “போன் போச்சு” என்று கிளாக்கர் சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் பாதி நாள் வீணாகும்.

4. திரையில் ஏதாவது இருந்தால் படம் எடுங்கள்.

5. அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அடுத்த பகுதியில் உள்ள இரண்டு கட்டளைகளைத் தட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓடிக்கொண்டிருந்த நிரலின் நிலை, நினைவகத்தில் இருந்த சாட்சி, அப்போதைய இணைப்புகளின் பட்டியல் எல்லாம் ரீஸ்டார்ட் செய்த கணமே அழிந்துவிடும்.

விழுந்தது எது? இரண்டு கடிகாரங்கள்

லினக்ஸில் “அப்டைம்” என்று தட்டினால், கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும். “ஆஸ்டரிஸ்க் -ஆர்” தட்டி உள்ளே போய் “கோர் ஷோ அப்டைம்” கொடுத்தால், ஆஸ்டரிஸ்க் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் குறைவு என்றால் கணினியே அணைந்து எழுந்திருக்கிறது. கரண்டைப் பாருங்கள்.

கணினி மூன்று வாரமாக ஓடுகிறது, ஆஸ்டரிஸ்க் மட்டும் இருபது நிமிடமாக ஓடுகிறது என்றால் நிரல் விழுந்து, தானாக எழுந்திருக்கிறது. பல நிறுவல்களில் “சேஃப்_ஆஸ்டரிஸ்க்” என்ற காவல் ஸ்கிரிப்ட்டோ, சிஸ்டம்டியோ விழுந்த நிரலைச் சில நொடிகளில் மறுபடி தூக்கி நிறுத்திவிடும். அதனால் சர்வர் வாரக்கணக்கில் தினமும் விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. “கால் அடிக்கடி கட் ஆகுது” என்ற முறைப்பாடு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இரண்டும் நெடுநேரமாக ஓடுகின்றன, ஆனால் போன் இல்லை என்றால் இணைப்புக் கோளாறு, அல்லது நிரல் தொங்கி நிற்கிறது. “ஆஸ்டரிஸ்க் -ஆர்” தட்டியும் பதிலே வராவிட்டால் பெரும்பாலும் தொங்கியதுதான்.

*குறிப்பு:* ஆஸ்டரிஸ்க் ஒவ்வொரு முறை எழும்போதும் பதிவேட்டில் “பில்ட் பை” என்ற சொற்களோடு ஒரு வரி எழுதும். பதிவேட்டில் அந்தச் சொற்களைத் தேடினால், எந்தெந்த நேரத்தில் எழுந்தது என்று வரிசையாகக் கிடைக்கும். நீங்களாக ரீஸ்டார்ட் செய்த நேரங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவை பெரும்பாலும் விழுந்து எழுந்த நேரங்கள்.

கரண்ட்: மலையில் முதல் சந்தேகம்

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் கரண்டைப் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். மேலே எடுத்த நேரப் பட்டியலைப் பெக்டரியின் வேலை நேரத்தோடு ஒப்பிடுங்கள். வாட்டும் தட்டுகளின் விசிறிகளும் ரோலர்களும் ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று தாழும். நல்ல கணினி அதைத் தாங்கும். மலிவான சார்ஜரில் ஓடும் ராஸ்பெரி பை தாங்காது. விழுந்த நேரமும் ரோலர் தொடங்கிய நேரமும் மூன்று நாள் ஒத்துப்போனால், ஆஸ்டரிஸ்க்கில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. சர்வரைப் பெக்டரி லைனிலிருந்து பிரித்து ஆபிஸ் லைனுக்கு மாற்றி, நடுவே மின்னழுத்தச் சீராக்கியுள்ள யுபிஎஸ் வையுங்கள்.

சின்னச் சின்னத் தடைகளுக்கு யுபிஎஸ் போதும், நீண்ட மின்வெட்டுக்குப் போதாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டு நாடு முழுவதும் இருண்டபோது, மின்சாரம் திரும்ப மணிக்கணக்கானது. அப்படிப்பட்ட நாளில் அரை மணி நேர பேட்டரி தீர்ந்ததும் சர்வர் வெட்டுப்பட்டதுபோல் அணையும். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகும். எஸ்டி கார்டில் ஓடும் பெட்டிகள் அடிக்கடி சாவது இப்படித்தான். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகி, பேட்டரி தாழ்ந்ததும் சர்வர் முறையாக அணையும்படி ‘நட்’ என்ற இலவச மென்பொருளை அமையுங்கள். எஸ்டி கார்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்குங்கள். இந்த அத்தியாயத்தில் காசு செலவழிக்கச் சொல்லும் இடங்களில் இதற்கே முதலிடம்.

இனி நேரத்தைத் தாளில் எழுதச் சொன்ன காரணம். ராஸ்பெரி பை 4 வரையுள்ள பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5இல் உண்டு, ஆனால் பேட்டரியை நாம்தான் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். கரண்ட் போய் வந்ததும், இணையம் கிடைத்து நேரம் திருந்தும்வரை, அது பழைய நேரத்தையே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். கரண்ட் போன அன்று இணையமும் போவது நம் பக்கத்தில் சாதாரணம். அந்தப் பதிவேட்டை நம்பி வேலை செய்தால், காலை விழுந்ததை முந்தின இரவு விழுந்ததாக நினைத்துத் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

*எச்சரிக்கை: இடி.* ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும். அந்த நேரத்தில் சர்வர் பெட்டியைத் திறக்காதீர்கள். செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி லைனையும், கூரைமேல் உள்ள வயர்லெஸ் கம்பத்திலிருந்து இறங்கும் கேபிளையும் தொடாதீர்கள். இடி தொடங்கும் முன்பே கழற்றி வைக்க முடிந்தால் நல்லது. தொடங்கிய பிறகு விட்டுவிடுங்கள், பெட்டி போனால் போகட்டும். கம்பத்துக்கு முறையான பூமித்தொடுப்பு இருக்கிறதா என்று தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் லைனைச் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றினால் ஒரு கட்டடத்தில் விழுந்த இடி மற்றதற்கு லைன் வழியாகப் பாயாது.

சர்வரைப் பெக்டரிக்குள் வைக்க வேண்டாம். தேயிலைத் தூசு விசிறியை அடைக்கும். மூடுபனிக் காலத்து ஈரத்தில் கேபிள் முனைகளும் பச்சை பிடிக்கும்.

வெளி இணைப்பு போனால் உள் போனும் போகிறதா?

இது விசித்திரமாகத் தோன்றும். பங்களாவிலிருந்து டிஸ்பென்சரிக்குப் பேச இணையம் எதற்கு? ஆனாலும் வெளி இணைப்பு அறுந்ததும் உள் அழைப்புகளும் நின்றுபோகும் நிறுவல்கள் நிறைய. காரணம் டிஎன்எஸ். ‘சான்_சிப்’ என்ற பழைய தொகுதி, தொலைபேசி நிறுவனத்தின் சர்வர் பெயரை எண்ணாக மாற்றக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும். காத்து நிற்கும் நேரத்தில் வேறு போன்களைக் கவனிக்காது. பார்ப்பவருக்கு அது சர்வர் விழுந்ததுபோலவே இருக்கும்.

1. உள்ளூர் டிஎன்எஸ் தேக்கி ஒன்றை, ‘டிஎன்எஸ்மாஸ்க்’ போதும், அதே சர்வரில் நிறுவுங்கள்.
2. எல்லா உள் போன்களையும் பெயரால் அல்ல, சர்வரின் ஐபி எண்ணால் பதிவு செய்யுங்கள்.
3. ‘சான்_சிப்’பை விட்டு ‘பிஜேசிப்’ என்ற புதிய தொகுதிக்கு மாறுங்கள். ஆஸ்டரிஸ்க் 21ஆம் பதிப்போடு ‘சான்_சிப்’ நீக்கப்பட்டுவிட்டது. எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்.
4. மாற்றிய பிறகு ரவுட்டரின் இணைய லைனைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் உள் அழைப்புகளைச் சோதியுங்கள்.

நான்காவது படியைத் தவிர்க்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகம் முழுவதும் மண்சரிவு ஏற்பட்டு, பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. வெளியுலகம் அறுந்த அப்படிப்பட்ட நாளில் டிவிசனுக்கு டிவிசன் பேச முடிந்தால், அதுவே ஆளைக் காப்பாற்றும். உள் சர்வர் வைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிஸ்க், நினைவகம், திறந்த கோப்புகள்

“டிஎஃப் -எச்” தட்டுங்கள். நூறு விழுக்காடு நிரம்பியிருந்தால் பதிவேட்டையும் அழைப்பு ஒலிப்பதிவுகளையும் பாருங்கள். 5060ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால், உலகெங்கிலுமிருந்து கடவுச்சொல் தேடும் நிரல்கள் இரவு பகலாகத் தட்டும். ஒவ்வொரு தட்டலும் பதிவேட்டில் ஒரு வரி. டிஸ்க் நிரம்புவது மட்டுமல்ல, கடவுச்சொல் பிடிபட்டால் உங்கள் லைனில் வெளிநாட்டு அழைப்புகள் போய் பில் வரும். போர்ட்டை உங்கள் சேவை நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறவுங்கள். இப்படித் தட்டுபவர்களைத் தடுக்கும் ‘ஃபெயில்2பேன்’ நிறுவுங்கள். பழைய பதிவேடுகளைக் கழிக்கும் ‘லாக்ரொட்டேட்’ ஓடுகிறதா என்று பாருங்கள்.

நினைவகம் தீர்ந்தால் லினக்ஸே ஆஸ்டரிஸ்க்கைக் கொன்றுவிடும். “ஜர்னல்சிடிஎல் -கே” தட்டினால் “அவுட் ஆஃப் மெமரி” என்ற வரி தெரியும். இப்படிக் கொல்லப்படும் நிரல், அடுத்த பகுதியில் சொல்லப்போகும் கோர் கோப்பை விட்டுச் செல்லாது. ஆகவே கோர் கோப்பு இல்லையே என்று தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

நினைவகமும் கோப்பு எண்ணிக்கையும் திடீரென்று தீர ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளி லீவுக்குப் போகும் ஆபிஸ் கிளாக்கர் தன் போனைப் பெக்டரிக்கு ஃபோர்வர்ட் செய்கிறார். பெக்டரியில் இருப்பவர் தன்னுடையதை ஆபிஸுக்கு ஃபோர்வர்ட் செய்கிறார். அடுத்து வரும் ஒரே ஒரு அழைப்பு இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றிப் புதுப்புதுச் சேனல்களைத் திறக்கும். “கோர் ஷோ சேனல்ஸ்” தட்டினால் நூற்றுக்கணக்கில் ஒரே இரண்டு எண்கள் மாறி மாறித் தெரியும். பதிவேட்டில் “டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்” என்று வரும். கோப்பு வரம்பைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல. ஃபோர்வர்ட் செய்த அழைப்பை மறுபடி ஃபோர்வர்ட் செய்யாதபடி டயல் திட்டத்தில் ஒரு எண்ணி வைத்து, மூன்றாவது சுற்றில் அழைப்பைத் துண்டியுங்கள்.

மென்பொருளே விழுந்தால்

மேலே சொன்னவை எதுவும் இல்லை, ஆனாலும் ஆஸ்டரிஸ்க் மட்டும் விழுகிறது என்றால் இப்போதுதான் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கான ஆயத்தத்தை விழுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இன்று செய்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

*ஆயத்தம்*

1. ஆஸ்டரிஸ்க் “-ஜி” என்ற தெரிவோடு தொடங்கும்படி அமையுங்கள். சிஸ்டம்டி வழி ஓடினால் அதன் கோர் வரம்பையும் வரம்பற்றதாக்குங்கள். விழும் கணத்தில் நினைவகத்தின் முழுப் பிரதி ஒரு கோப்பாக எழுதப்படும். அதுதான் கோர் கோப்பு.
2. ‘ஜிடிபி’ என்ற பிழைதேடும் கருவியை நிறுவுங்கள்.
3. பிழைதேடும் குறியீடுகள் உள்ள பொதியைச் சேருங்கள். நீங்களே தொகுப்பவர் என்றால், மெனுசெலக்டில் “டோன்ட் ஆப்டிமைஸ்”, “பெட்டர் பேக்ட்ரேஸஸ்” இரண்டையும் தெரிவு செய்யுங்கள்.
4. லாகர் அமைப்பில் ‘ஃபுல்’ என்ற முழுப் பதிவேட்டைத் திறவுங்கள்.

*விழுந்த பிறகு*

1. “ஜர்னல்சிடிஎல் -கே” தட்டி “செக்ஃபால்ட்” என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசியில் பெரும்பாலும் ஒரு தொகுதியின் பெயர் இருக்கும். முதல் துப்பு அது.
2. கோர் கோப்பு எங்கே என்று பாருங்கள். புதிய லினக்ஸ் பலவற்றில் “கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்” பட்டியலைத் தரும்.
3. ஆஸ்டரிஸ்க்கோடு வரும் “ஏஎஸ்டி_கோர்டம்பர்” ஸ்கிரிப்ட்டை அந்தக் கோப்பின்மேல் ஓட்டுங்கள். அது கோர் கோப்பைப் படித்துச் சில உரைக் கோப்புகளைத் தரும்.
4. அவற்றில் ‘த்ரெட்1’ என்று முடியும் கோப்பைத் திறவுங்கள். விழுந்த இழை அதுதான்.
5. பூஜ்யம் எண்ணிட்ட மேல் வரியிலிருந்து கீழே இறங்கி வாசியுங்கள். மேலே உள்ளவை பெரும்பாலும் லினக்ஸின் பொது நூலக வரிகள். ‘ரெஸ்_’, ‘சான்_’, ‘ஆப்_’, ‘கோடெக்’ என்று தொடங்கும் பெயர் எங்கே முதலில் வருகிறதோ அங்கே நில்லுங்கள்.

வரிகளில் பெயருக்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், ஆயத்தத்தின் மூன்றாம் படி விடுபட்டிருக்கிறது. ஒரே பெயர் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால், ஏதோ ஒன்று தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்திருக்கிறது.

கோடெக் தொகுதியின் பெயரோ, நீங்கள் வெளியிலிருந்து சேர்த்த தொகுதியின் பெயரோ வந்தால் அண்மையில் பதிப்பை உயர்த்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க்கை உயர்த்திவிட்டுத் தொகுதிகளின் அடைவில் பழைய பதிப்புக் கோப்புகளை அப்படியே விட்டுவிடுவது, உயர்த்திய உடனே விழுவதற்கு மிகப் பொதுவான காரணம். அந்த அடைவை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு மறுபடி நிறுவுங்கள். அழிக்காதீர்கள், நகர்த்தினாலே போதும்.

*தவறு:* பதிவேட்டின் கடைசி வரியைக் குற்றவாளியாக்குவது. ஆஸ்டரிஸ்க்கில் பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கடைசியாக எழுதிய இழை ஒன்று, விழுந்த இழை வேறொன்றாக இருக்கலாம். கடைசி வரி பங்களா போனைக் காட்டியது என்பதற்காகப் பங்களா போனை மாற்றுவதில் பயனில்லை.

தொங்கி நின்றால்

நிரல் சாகவில்லை, பதிலும் சொல்லவில்லை. அப்போது “ஏஎஸ்டி_கோர்டம்பர்” ஸ்கிரிப்ட்டை “ரன்னிங்” தெரிவோடு ஓட்டினால், ஓடும் நிரலிலிருந்தே பிரதி எடுக்கும். எடுக்கும் நேரத்தில் எல்லா அழைப்புகளும் உறையும். எப்படியும் தொங்கிக் கிடக்கும் சர்வரில் அது நட்டமல்ல. ஆனால் நன்றாக ஓடும் சர்வரில் சோதித்துப் பார்ப்பதற்காக இதைச் செய்யாதீர்கள். பிரதி எடுத்த பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம்.

தினசரி ரீபூட் வேண்டாம்

தினமும் இரவு இரண்டு மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படி வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. நினைவகம் கசிவது மறையும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு டிஸ்பென்சரிக்கு வரும் அழைப்பும் அறுபடும். வேறு வழியே இல்லாமல் தற்காலிகமாகச் செய்வதென்றால் “கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்” கட்டளையைப் பயன்படுத்துங்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் வைத்த பிறகே அது ரீஸ்டார்ட் ஆகும்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்வதும் கூடாது. பதிப்பையும் உயர்த்தி யுபிஎஸ்ஸையும் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. ஒரு கொப்பியில் திகதி, விழுந்த நேரம், செய்த ஒரே மாற்றம் என மூன்று பத்திகள் போதும்.

உருவாக்குநர்களுக்கு எழுதுங்கள்

ஒரே இடத்தில் மறுபடியும் விழுகிறது, உங்கள் பதிப்பும் புதியது என்றால் அது ஆஸ்டரிஸ்க்கின் பிழையாகவே இருக்கலாம். 2023 முதல் பிழை அறிக்கைகள் கிட்ஹப்பில் பெறப்படுகின்றன. எழுத வேண்டியவை: பதிப்பு எண், எந்த லினக்ஸ், விழுவதற்கு முன் என்ன செய்தீர்கள், மறுபடி வரவழைக்க முடியுமா, ஸ்கிரிப்ட் தந்த உரைக் கோப்புகள்.

*எச்சரிக்கை:* கோர் கோப்பை ஒருபோதும் பொதுவில் ஏற்றாதீர்கள். அதில் போன்களின் கடவுச்சொற்களும், பேசிக்கொண்டிருந்தவர்களின் குரலும்கூட இருக்கக்கூடும். உரைக் கோப்புகளிலும் கடவுச்சொல், தொலைபேசி எண் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்து நீக்கிய பிறகே இணையுங்கள். வெளியிலிருந்து ஒருவர் ஒரு பொதியை அனுப்பியே சர்வரை விழுத்த முடிகிறது என்று கண்டால் அது பாதுகாப்புப் பிழை. அதைப் பொதுப் பட்டியலில் எழுதாமல், கிட்ஹப்பிலேயே உள்ள தனிப்பட்ட பாதுகாப்பு அறிக்கை வழியாக அனுப்புங்கள்.

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இலக்கணம் பிசகுமே என்று தயங்கி நிறுத்திவிடாதீர்கள். நாலு சிறிய வாக்கியங்களும் சரியான உரைக் கோப்புகளும் இருந்தால் அவர்களுக்குப் போதும். திருத்தம் ஏற்கப்பட்டால் அது அடுத்து வரும் பதிப்பில் சேர்ந்து, ஆஸ்டரிஸ்க் வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவசமாகப் போய்ச் சேரும்.